மனிதனைத் துண்டு போட்டு அறிய முடியுமா?

சென்ற வகுப்பின் முடிவில் ஓர் இளம் தோழர் ஒரு கேள்வி கேட்டார். "வேலை போனதிலிருந்து நம் தோழர் ஒருவர் சங்கத்துப் பக்கமே வருவதில்லை. நாள் முழுவதும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். வயிறு காய்ந்தவனுக்கு ஆத்திரம் அல்லவா வர வேண்டும்? இவருக்கு ஏன் சோம்பல் வந்தது?" என்றார். அன்று நாம் சரியான பதில் சொல்லவில்லை. இன்று அதைப் பற்றியே பேசுவோம்.

மனிதனுடைய நடத்தையை விளக்குவதற்கு மனோதத்துவத்தில் இரண்டு வழிகள் உண்டு. நரம்பு, சுரப்பி, பழக்கம் என்று அவனைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியைக் கொண்டே முழு மனிதனையும் விளக்கிவிடுவது ஒரு வழி. தொழில், குடும்பம், வருமானம், கடந்த வாழ்க்கை ஆகிய எல்லாவற்றோடும் சேர்த்து அவனைப் பார்ப்பது மற்றொரு வழி.

முதல் வழியை ஒரேயடியாகத் தள்ளிவிடலாகாது. தாய்க்கும் சேய்க்கும் அயோடின் போதாமல் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றினால், அதற்கு உப்பில் அயோடின் சேர்ப்பதுதான் பரிகாரம். அங்கே பகுதியை ஆராய்ந்தவர்கள் மனித குலத்துக்குப் பெருந்தொண்டு செய்தார்கள். பகுதியே முழுமை என்று சாதிக்கும்போதுதான் தவறு பிறக்கிறது.

அமெரிக்கப் பேராசிரியர் ஜான் வாட்சன் அப்படித்தான் சாதித்தார். வெள்ளை எலியைக் கண்டு அஞ்சாத ஒரு கைக்குழந்தையிடம் எலியைக் காட்டும்போதெல்லாம், அதன் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியால் ஓங்கி அடித்தார்கள். பிறகு குழந்தை எலியைக் கண்டாலே அழுதது. இந்தச் சோதனை 1920-ல் வெளியாயிற்று. மனிதனின் நடத்தை முழுவதையுமே தூண்டுதலாகவும் அதற்கு எழும் எதிர்வினையாகவும் பிரித்துவிடலாம் என்பது வாட்சனின் கொள்கை. பின்னர் அவர் பல்கலைக் கழகத்தை விட்டு விளம்பரக் கம்பெனியில் சேர்ந்தார். மனிதனை இயந்திரமாகக் கருதும் தத்துவத்துக்கு எங்கே கிராக்கி என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, நமது கேள்விக்கு நேராக வருவோம். ஆஸ்திரியாவில், வியன்னா நகருக்கு அருகே மரியந்தால் என்ற ஊர். ஊருக்கே சோறு போட்ட நெசவாலை 1929-30-ல் மூடப்பட்டது. இருந்த 478 குடும்பங்களில் முக்கால்வாசி வேலையற்றோர் உதவித் தொகையை நம்பி வாழ நேர்ந்தது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைஸல் முதலிய இளம் ஆராய்ச்சியாளர்கள் அங்கே சென்று ஆராய்ந்து, 1933-ல் நூல் வெளியிட்டார்கள். எவரும் வெறும் பார்வையாளராக இருக்கலாகாது என்பது அவர்கள் வகுத்த விதி. ஆகவே துணிமணி கொடுத்தார்கள், மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள்.

அவர்கள் கண்டது என்ன? ஓய்வு ஏராளம், நூலகத்தில் கட்டணமும் இல்லை. ஆயினும் 1929-லிருந்து 1931-க்குள் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. சலுகை விலை இருந்தும் தொழிலாளர் பத்திரிகைக்குச் சந்தா சரிந்தது. ஆண்கள் தெருவில் நின்று நின்று நடந்தார்கள். பெரும்பாலோர் கடிகாரம் அணிவதையே விட்டுவிட்டார்கள். வீட்டு வேலை ஓயாத பெண்களோ விரைந்து நடந்தார்கள்.

இதைச் சோம்பல் என்பதா? அதே ஆண்கள்தாம் நேற்றுவரை ஆலையில் உழைத்தவர்கள்! சுரப்பி ஒரே நாளில் கெட்டுவிட்டதா? இல்லை. ஆலையோடு கூலி மட்டும் போகவில்லை. நாளின் ஒழுங்கும் கூட்டாளிகளும் நாளையைப் பற்றிய நினைப்பும் சேர்ந்தே போயின.

எல்லாக் குடும்பங்களும் ஒரே மாதிரி இருந்துவிடவுமில்லை. வயது வந்த ஒருவருக்கு என்று கணக்கிட்ட சராசரி மாத வருமானம், மனம் தளராத குடும்பங்களில் 34 ஷில்லிங். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு ஒடுங்கியவற்றில் 30. நம்பிக்கை இழந்தவற்றில் 25. எதிலும் பற்றற்றுப் போனவற்றில் 19. வருமானம் குறையக் குறைய மனமும் இறங்குவதைக் கவனியுங்கள். அதோடு, அவரவர் கடந்த வாழ்க்கையும் இதில் பங்கு கொண்டது என்று அவர்கள் கண்டார்கள். முழுமையாகப் பார்ப்பதென்றால் பொத்தாம் பொதுவாகப் பேசுவதல்ல. ஷில்லிங்கையும் எண்ண வேண்டும், மனிதனின் கதையையும் கேட்க வேண்டும்.

உண்மையைச் சொன்னவர்களை ஆட்சியாளர்கள் சும்மா விடுவார்களா? சோஷலிஸ்டான யஹோடாவை 1936-ல் ஆஸ்திரிய சர்வாதிகார அரசு சிறையில் அடைத்தது. 1937-ல் அவர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

தோழர்களே! வேலையற்றவனைச் சோம்பேறி என்று முதலாளி சொல்வது அவனுக்கு லாபம். ஆனால் நாம் செய்த தவறு என்ன? வயிறு காய்ந்தால் போதும், மனிதன் தானே போராட வந்துவிடுவான் என்று நினைத்தோம். இதுவும் மனிதனைத் துண்டு போடும் வேலைதான்; நாம் வயிற்றை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டோம், அவ்வளவே! மரியந்தால் மக்களைப் பட்டினி போராட்டத்துக்குத் தள்ளவில்லை; ஒடுக்கி உட்கார வைத்தது.

ஆகவே, அந்தத் தோழர் வரவில்லையே என்று குறை கூறுவதை விட்டு, நாம் அவர் வீட்டுக்குப் போவோம். அடுப்பு எரிகிறதா, கடன் எவ்வளவு, குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று விசாரிப்போம். சங்கத்தில் அவர் அன்றாடம் செய்வதற்கு ஒரு வேலையை ஒப்படைப்போம். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் நம் தோழர். அவரை அங்கே தனியே விட்டது நமது குற்றம்.