தேர்வில் விலக்கு: இரக்கமா, உரிமையா?
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பில் சிறந்த மதிப்பெண் பெற்ற நம் பிள்ளைகளைப் பாராட்டி மகிழ்கின்றோம். இம்மேடைக்கு வர இயலாத பிள்ளைகளைப் பற்றியும் நாம் எண்ணுதல் வேண்டும். பார்வை குன்றியோர், செவித்திறன் குறைந்தோர், எழுத்தைப் பிரித்தறிய இடர்ப்படுவோர் நம் தெருக்களிலும் உளர். "இதற்கு ஏன் தேர்வு?" என்று இரக்கத்தால் அவர்களை வீட்டில் இருத்திவிடுகின்றோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2006ஆம் ஆண்டு முதல் பள்ளி இறுதிச் சான்றிதழுக்குத் தனித் தேர்வு கட்டாயமாயிற்று. பின்னர்ச் சிறப்புக் கல்வி பெறும் மாணவர்க்கு அதிலிருந்து விலக்களித்தனர். ஏனைய தகுதிகளை நிறைவு செய்தோர் சான்றிதழ் பெற்றனர். 2015இல் அத்தேர்வே நிறுத்தப்பட்டது. அங்கே விலக்கு, சான்றிதழைக் கொடுத்தது. நாம் வீட்டில் வழங்கும் விலக்கோ, சான்றிதழைப் பறிக்கின்றது.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லையேல் குரூப் 4 தேர்வுக்கும் விண்ணப்பிக்க இயலாது. அரசுப் பணியில் மாற்றுத் திறனாளிகளுக்குரிய 4 விழுக்காடு ஒதுக்கீடு இருந்தும் பயன் என்ன?

ஆகவே, தேர்வை விட்டு விலகுவதன்று, தேர்வுக்குள்ளேயே கிடைக்கும் விலக்குகளைக் கேட்டுப் பெறுவதே நம் கடமை. 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம், மூன்றாம் மொழிப் பாட விலக்கு ஆகியவற்றைக் குறிப்பிடுகின்றது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. புதிய சட்டம் கற்றல் குறைபாடு உள்ளிட்ட 21 வகைகளை ஏற்கின்றது. நம் மாநிலப் பொதுத் தேர்விலும் மொழிப் பாட விலக்கு, எழுதுபவர், ஒரு மணி நேரக் கூடுதல் ஆகியவை உண்டு. 40 விழுக்காட்டுக்குக் குறைந்த குறைபாடு என்பதற்காக எழுதுபவரை மறுத்தல் ஆகாது என்று 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

"சலுகை" என்னும் ஏளனச் சொல் நமக்குப் புதிதன்று. இட ஒதுக்கீட்டையும் அவ்வாறே இகழ்ந்தனர். அது உரிமை என்று நாம் நிமிர்ந்து நின்றோம். நம் வீட்டுப் பிள்ளை எழுதுபவரைக் கேட்கும்போது மட்டும் நாம் நாணுவது முறையாகுமா?

இளைஞர்களே! வீடு வீடாகச் செல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே மருத்துவச் சான்றிதழ் பெற உதவுங்கள். தலைமையாசிரியர் வழியாக உரிய காலத்தில் விண்ணப்பம் செல்வதை உறுதி செய்யுங்கள். மாலையில் அருகமர்ந்து பாடங்களைப் படித்துக் காட்டுங்கள். நம் தெருவில் ஒரு பிள்ளையும் தேர்வு எழுதாமல் நின்றுவிடக் கூடாது. இதுவே இவ்விழாவில் நாம் ஏற்கும் உறுதியாகட்டும்.