ஓடைக்கும் சேரிக்கும் ஒரே சர்வே எண்

(கள்ளக்குறிச்சியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை எழுதுகிறவனைக் கூப்பிட்டு ஓடையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கவிதையில் ஓடை சலசலக்கும். நான் வேலை பார்க்கிற வங்கியில் சலசலக்காது, காகிதத்தில் இரண்டு கோடாகக் கிடக்கும். வீட்டுக்கடன் கோப்பைப் பிரித்தால் பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்படம் எல்லாம் இருக்கும். புலப்படத்தில் நெளிந்து நெளிந்து ஓர் ஓடை போகும். மனைப்பிரிவு வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் அதே இடத்தில் நேராக ஒரு ரோடு போகும். நெளிவு எங்கே போச்சு? யாரும் திருடவில்லை. அளவுகோலை வைத்து நிமிர்த்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஓடைக்கு நெளிவுதான் உயிர். வளைகிற இடத்தில் தண்ணீர் நிதானிக்கும், மண் இறங்கும், மடு உண்டாகும். கோடையில் ஓடை காய்ந்த பிறகும் மடுவில் கெளுத்தியும் நண்டும் உயிரோடு இருக்கும். கரையில் நீர்மருது, புங்கன், நாவல், நொச்சி. அதன் வேர் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கும், நிழல் தண்ணீரைச் சுட விடாது. விழுகிற இலையைப் பூச்சி தின்னும், பூச்சியை மீன் தின்னும், மீனை மீன்கொத்தி தின்னும். காட்டை அழித்து வயலாக்கி, வயலை அழித்து மனையாக்கிய பிறகு கீரிக்கும் உடும்புக்கும் மறைந்து போக மிச்சமிருக்கிற பாதை இந்த ஓடைக்கரைதான். 'காட்டுயிர்' என்றதும் நமக்குப் புலியும் யானையும்தான் ஞாபகத்துக்கு வருது. பொதுப்புத்தி அப்படித்தான் பழக்கி வைத்திருக்கு. நத்தையும் காட்டுயிர்தான். நத்தைக்குச் சாதி உண்டு என்பதால் அதைப் பற்றி யாரும் ஆவணப்படம் எடுப்பதில்லை.

சிரிக்காதீர்கள், இதில் விஷயம் இருக்கு. வயல் இல்லாதவருக்கு ஓடைதான் வயல். நம் அம்மாக்களும் ஆயாக்களும் நத்தை பொறுக்கியதும், நண்டு பிடித்ததும், ஆராக்கீரையும் பொன்னாங்கண்ணியும் பறித்ததும், கோரை அறுத்ததும் அங்கேதான். சூழலியல்காரர் 'வாழிடம்' என்று எழுதுகிற இடத்துக்கு நம் வீட்டில் பெயர் குழம்பு. அதனால் ஓடைக்கரையைக் காப்பாற்றணும் என்று யாராவது சொன்னால் அது மேட்டுக்குடிக்காரன் கவலை என்று நாம் தள்ளிவிட முடியாது. முதலில் பசி வந்தது நம் வீட்டுக்குத்தான்.

ஆனால் அந்தக் கரையிலேயே நம் வீடும் இருக்குது. நம்மை யார் அங்கே கொண்டுபோய் வைத்தது? ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். நல்ல மனை ஊருக்கு. வெள்ளம் வருகிற இடம், பிணம் எரிக்கிற இடம், கழிவு வடிகிற இடம் நமக்கு. ஊர்க்குளத்தில் இறங்கக்கூடாது என்று ஒதுக்கினார்கள். 1927 மார்ச் 20-ல் அம்பேத்கர் மகாத்தில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தது அதற்குத்தான். தண்ணீரைத் தொடாதே என்று சொன்ன அதே சாதி, தண்ணீர் பாய்கிற வழியில் போய்க் குடியிரு என்றும் சொன்னது. பிறகு சர்வேக்காரர் வந்தார். ஊருக்கு 'நத்தம்' என்று எழுதினார். எத்தனையோ இடங்களில் நம் தெரு 'ஓடைப் புறம்போக்கு', 'வாய்க்கால் புறம்போக்கு' ஆனது. ஓடைக்கும் சேரிக்கும் ஒரே சர்வே எண். நாலு தலைமுறை வாழ்ந்தாலும் அரசாங்கத்தின் கணக்கில் நாம் அங்கே இல்லை, தண்ணீர்தான் இருக்குது.

இப்போ சட்டத்துக்கு வருவோம். கடற்கரைக்கு 1991-லேயே ஒழுங்காற்று அறிவிக்கை வந்துவிட்டது. அலை ஏறுகிற கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் என்ன கட்டலாம், என்ன கூடாது என்று அதில் இருக்கு. (எத்தனை விடுதிகள் அதை மதித்தன என்பது வேற கதை.) ஆற்றங்கரைக்கு அப்படி நாடு முழுமைக்குமான விதி வரவில்லை. 2017 சதுப்புநில விதிகளை எடுத்துப் பாருங்கள்: ஆற்றின் ஓட்டப்பாதை கணக்கில் வராது, நெல்வயல் வராது, பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலையும் வராது. தமிழ்நாட்டில் இதையெல்லாம் கழித்தால் மிச்சம் என்ன? தமிழ்நாட்டின் 2007 ஏரிப் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணித் துறை கட்டுப்பாட்டில் இருந்த ஏரிகளுக்காக எழுதப்பட்டது. 2019-ல் மாநிலம் முழுமைக்கும் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தன. நீர்நிலையை ஒட்டிய மனை பற்றி அதிலும் பேச்சு இருக்கு. ஆனால் அது அனுமதி கேட்டு வருகிறவருக்கான விதி. பட்டாவே இல்லாதவர் என்ன அனுமதி கேட்பார்?

அவருக்கென்று வெள்ளைக்காரன் எழுதி வைத்த சட்டம் தனியாக இருக்கு. 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டம். 7-ஆம் பிரிவில் நோட்டீஸ், 6-ஆம் பிரிவில் காலி. ஆக, ஒரே ஓடைக்கு இரண்டு சட்டம் நடக்குது. மனை போடுகிறவருக்கு வரைபடம், கட்டணம், வரன்முறை. குடிசைக்காரருக்குப் புல்டோசர்.

விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஏரிக்குள் கட்டியது. மழை வந்தால் பேருந்து நீந்தும். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை 2004-ல் திறக்கப்பட்டது உலகனேரிக் கண்மாயில். நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை அங்கே உட்கார்ந்துதான் விசாரிக்கிறார்கள். சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே நிற்குது. அதே கால்வாய்க்கரையில் கோவிந்தசாமி நகர் வீடுகளை 2022 மே மாதம் இடித்தபோது ஒருவர் தீக்குளித்துச் செத்தார். தூணுக்கு யார் நோட்டீஸ் கொடுத்தார்கள்? கூவம் கரையிலிருந்து பிடுங்கிய மக்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று இன்னொரு வெள்ளக்காட்டுக்கு அனுப்புவதற்குப் பெயர் மறுவாழ்வு.

இது நம்மூர்க் கொடுமை மட்டுமில்லை. தென்கொரியாவில் சியோல் நகரத்து சியோங்கியேசியோன் ஓடையை 1950-களின் கடைசியில் மூடத் தொடங்கினார்கள், கரைக் குடிசைகள் போச்சு. மேலே விரைவுச்சாலை வந்தது. 2003-லிருந்து 2005-க்குள் சாலையை இடித்து ஓடையைத் திறந்தார்கள், உலகமே புகழ்ந்தது. அப்போது நடைபாதை வியாபாரிகள் போனார்கள். மூடும்போதும் ஏழை, திறக்கும்போதும் ஏழை.

பெங்களூரில் 2016-ல் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டர், ராஜகால்வாய்களுக்கு 50, 35, 25 மீட்டர் என்று கரையை விடச் சொன்னது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி போட்ட நகரத் திட்டத்தைத் தீர்ப்பாயம் மாற்ற முடியாது, அந்தத் திட்டத்தில் இருக்கிற 30 மீட்டர்தான் ஏரிக்கு என்றாகிவிட்டது. பணம் உள்ளவர் வழக்குப் போட்டு மீட்டரையே குறைக்கிறார். நாம் ஒரு நோட்டீஸுக்குப் பதில் எழுதத் தெரியாமல் நிற்கிறோம்.

பதில் எழுதலாம். அதைச் சொல்லத்தான் வந்தேன். 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஜக்பால் சிங் தீர்ப்பை எல்லா ஆக்கிரமிப்பு வழக்கிலும் அரசாங்கத் தரப்பு தூக்கிக்கொண்டு வரும். பஞ்சாபில் ஊர்க்குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்களைக் காலி செய்யச் சொன்ன தீர்ப்பு, நல்ல தீர்ப்புதான். கடைசிப் பக்கத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கு. நிலமற்ற கூலிகளுக்கோ பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கோ அரசு அறிவிக்கையின்படி குத்தகை கொடுத்திருந்தால், அல்லது அங்கே ஏற்கெனவே பள்ளிக்கூடம், மருந்தகம் மாதிரி பொது உபயோகம் இருந்தால், அதை வரன்முறை செய்யலாம். பொதுக் கட்டடங்கள் இதில் நுழைந்து தப்பித்துக்கொள்கின்றன. நமக்கு 'அறிவிக்கை' என்கிற காகிதம் வேணும். அதனால் சொல்கிறேன், வீட்டுவரி ரசீது, மின்கட்டண அட்டை, பழைய 'பி' மெமோ, எதையும் தூக்கிப் போடாதீர்கள். அது குத்தகை ஆகிவிடாது. ஆனால் எத்தனை வருஷமாக இருக்கிறோம் என்று கேட்டால் பேசுவதற்கு அது ஒன்றுதான் இருக்கு.

நம்ம ஆற்றுக்கு வருகிறேன். கோமுகி கல்வராயன் மலையில் பிறந்து, கச்சிராயபாளையத்துக்கிட்ட அணையில் தேங்கி, இந்த ஊரைத் தொட்டு, மணிமுக்தாவில் சேர்ந்து வெள்ளாற்றுக்குப் போகுது. 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆனதிலிருந்து ஊர் வீங்குது. அதே கோமுகிக் கரையில்தான் 2024 ஜூனில் கருணாபுரத்துப் பிணங்களை வரிசையாக அடுக்கி எரித்தோம். விஷச் சாராயத்துக்கு 65 பேருக்கு மேல் பலி. ஆற்றங்கரை என்றால் நமக்கு அந்த நெருப்பும் சேர்த்துத்தான்.

மலையில் 1976 வரைக்கும் மூன்று ஜாகிர்தார்களின் ஆட்சி. சுதந்திரம் மேலே ஏற 29 வருஷம் ஆச்சு. அதற்குப் பிறகும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஓடைக்கு அரசாங்கம் எதற்கு வந்தது? சாராய ஊறலைத் தேடி. பேரலைக் கவிழ்த்து அங்கேயே கொட்டிவிட்டு இறங்கிவிடும். ஓடையைக் காக்கிற அதிகாரம் அந்த மக்களுக்கே சட்டத்தில் இருக்கு என்று யாரும் மேலே போய்ச் சொல்லவில்லை. 2006 வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு நீர்ப்பிடிப்பையும் நீராதாரத்தையும் பாதுகாக்கிற அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுக்குது. 3-ஆம் பிரிவு மீன் உட்பட நீர்நிலையில் கிடைப்பவற்றின் மேல் சமூக உரிமை தருது. தமிழ்நாட்டில் 2008-ல் வந்த ஓர் இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டா கொடுப்பது முடங்கிக் கிடந்து, 2016-ல்தான் தடை நீங்கியது.

மலை மக்களுக்கு எழுதியிருக்கிற அந்த அதிகாரம் சமவெளிச் சேரிக்கு ஏன் இல்லை? கரையை விடு என்கிற விதி வரட்டும், எத்தனை மீட்டர் என்றாலும் வரட்டும். அளக்கும்போது சங்கிலியின் ஒரு முனை எங்கள் கையில் இருக்கட்டும். முதல் நோட்டீஸ் கரையில் இருக்கிற பெரிய கட்டடத்துக்குப் போகட்டும். சேரியை நகர்த்தித்தான் ஆகணும் என்றால் அதே ஊரில், மேட்டில், பட்டாவோடு நகர்த்து. ஊர்க்காரன் பக்கத்தில் மனை கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், ஓடைப் பிரச்சினை சாதிப் பிரச்சினையாக மாறுவதற்கு ஐந்து நிமிஷம் ஆகாது.

மார்ச் 22 தண்ணீர் தினத்துக்கும் இங்கே கிராம சபை கூடுது. மாணவர்கள் அதற்குள் செய்ய வேண்டியது இது: உங்கள் ஊர் ஓடையின் புலப்பட நகலையும், 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்கான பக்கத்தையும் வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறி நிற்கிற இடத்தை, கரையில் இருக்கிற வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். எங்கே மடு இருந்தது, எங்கே நத்தை கிடைச்சது, எந்தக் கட்டடம் எந்த வருஷம் வந்தது என்று அவர்கள் சொல்லச் சொல்ல அந்த நகலிலேயே குறியுங்கள். தீர்மானத்தோடு அந்தப் படத்தையும் இணைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்காமல் வராதீர்கள்.