கிஸ்ராவின் மீது சாட்டப்பட்ட குற்றங்கள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

பாரசீகப் பேரரசு எவ்வாறு வீழ்ந்தது என்று வினவினால், காதிஸிய்யாப் போரில் முஸ்லிம்களிடம் தோற்று வீழ்ந்தது என்றே நம்மில் பலரும் விடை கூறுவோம். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையானதன்று. களத்தில் சாய்வதற்கு முன்பே அம்மரம் உள்ளே உளுத்துப் போயிருந்தது.

கி.பி. 224இல் அர்தஷீர் நிறுவிய ஸாஸானியப் பேரரசு நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்தது. தஜ்லா நதிக்கரையில், இன்றைய பக்தாதுக்குத் தெற்கே இருந்த மதாயின் அதன் தலைநகர். அங்குள்ள அரண்மனையின் பெரும் வளைவு இன்றும் நிற்கிறது. அவ்வரசின் சிறப்புக்குக் காரணம் வாள் மட்டுமன்று. வரி அதிகாரி வந்து மதிப்பிடும் வரை உழவர் தம் விளைச்சலைத் தொட முடியாது என்றிருந்த வழக்கத்தை மாற்றி, நிலத்தை அளந்து நிலையான வரி விதித்தார் நவ்ஷர்வான் (531–579). நதிகளும் வாய்க்கால்களும் கரைகட்டிக் காக்கப்பட்டன. வயல் விளைந்தது, கருவூலம் நிறைந்தது.

அவருடைய பேரர் குஸ்ரூ பர்வேஸ் காலத்தில் (590–628) எல்லாம் மாறிற்று. 602இல் ரோமப் பேரரசர் மாரிஸ் கொல்லப்பட்டதைக் காரணம் காட்டி அவர் தொடங்கிய போர் இருபத்தாறு ஆண்டுகள் நீடித்தது. 614இல் பைத்துல் முகத்தஸ் பாரசீகர் வசமாயிற்று. 619இல் இஸ்கந்தரிய்யாவும் வீழ்ந்தது. கண்டவர் எவரும், இனி இவ்வரசை அசைப்பார் இல்லை என்றே எண்ணியிருப்பர். ஆனால், தோற்ற ரோமர் சில ஆண்டுகளுக்குள் வெல்வர் என்று ஸூரத்துர் ரூம் முன்னறிவித்தது. அவ்வாறே ரோமப் பேரரசர் ஹிர்கல் படை திரட்டிப் புறப்பட்டு, 627 டிசம்பரில் நீனவா அருகே பாரசீகப் படையை முறியடித்தார்.

628 பிப்ரவரியில் பர்வேஸைச் சிறைப்பிடித்தவர்கள் ரோமர் அல்லர். அவருடைய சொந்தத் தளபதிகளும் பிரபுக்களுமே! அவருடைய மகன் ஷீரவைஹி அவர் மீது சாட்டிய குற்றங்களை வரலாற்றாசிரியர் இமாம் தபரீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். பழைய வரிப் பாக்கிகளைக் கொடுமையாக வசூலித்தது. மக்களின் பொருளைப் பறித்துக் கருவூலத்தில் குவித்தது. எண்ணற்றோரைச் சிறையில் வாட விட்டது. போர் வீரர்களைக் குடும்பத்தாரிடமிருந்து பிரித்து நெடுங்காலம் தொலைவான எல்லைகளில் நிறுத்தியது. ஹீராவின் அரபு மன்னர் நுஃமானுக்கும் பர்வேஸ் தீங்கிழைத்தார். நுஃமானின் முன்னோர் பல தலைமுறைகளாகப் பாலைவன எல்லையைப் பாரசீகத்துக்காகக் காத்து நின்றவர்கள். பர்வேஸ் நுஃமானைக் கொல்வித்தார். தம் வீட்டு வாயிற்கதவைத் தாமே பெயர்த்தெறிந்தார். பின்னர் தீகார் என்னுமிடத்தில் அரபுக் குலத்தார் பாரசீகப் படையைத் தோற்கடித்தபோது, அந்த வாயில் திறந்து கிடப்பது வெளிப்பட்டது.

அன்பிற்குரியவர்களே! தந்தையின் குற்றங்களை அடுக்கிய மகன் செய்தது என்ன? தந்தையைக் கொல்வித்தான், அரியணைக்குப் போட்டி வேண்டாமென்று சகோதரர்களையும் கொன்று குவித்தான். சில மாதங்களில் அவனும் மாண்டான். கொள்ளைநோயும் பரவிற்று. ஏழு வயதுச் சிறுவன் அரியணை ஏறினான். அவனைக் கொன்று தளபதி ஷஹ்ரபராஸ் அமர்ந்தார். சில வாரங்களில் அவரும் கொல்லப்பட்டார். பர்வேஸின் மகள் பூரான் அரசியாகி, வரிப் பாக்கிகளைத் தள்ளுபடி செய்தார், பாலங்களைச் செப்பனிட்டார். ஆனால் காலம் கடந்துவிட்டது. நான்கே ஆண்டுகளில் பத்துப் பேர் அளவில் ஆட்சிக்கு வந்து போயினர்.

இதே காலத்தில் தஜ்லாவும் புராத்தும் பெருக்கெடுத்துக் கரைகளை உடைத்தன. அவ்வுடைப்புகளை அடைக்க இயலாமல், விளைநிலங்கள் சதுப்பு நிலங்களாயின என்று பலாதுரீ (ரஹ்) எழுதுகிறார்கள். அரியணைக்குச் சண்டையிட ஆட்கள் இருந்தனர். ஆற்றங்கரையைக் காக்க ஆளில்லை!

632இல் இளவயது யஸ்தகிர்த் முடிசூடியபோது எஞ்சியிருந்தது இத்தகைய அரசுதான். காதிஸிய்யாவில் தளபதி ருஸ்தும் வீழ்ந்தார். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் தலைமையில் முஸ்லிம்கள் மதாயினுள் நுழைந்தனர். 642இல் நஹாவந்திலும் பாரசீகர் தோற்றனர். ஊர் ஊராக ஓடிய யஸ்தகிர்தை மர்வின் ஆளுநரே கைவிட்டார். 651இல் அந்நகருக்கருகே ஒரு மாவு ஆலையில் அவர் கொல்லப்பட்டார். மன்னர்களின் மன்னர் என்று அழைக்கப்பட்டோரின் வரிசை அங்கே முடிந்தது.

அந்த மதாயினுக்குப் பின்னர் ஆளுநராக வந்தவர்கள், பாரசீக மண்ணிலேயே பிறந்த ஸல்மான் (ரலி) அவர்கள். அரசு தந்த உதவித்தொகையை தர்மம் செய்துவிட்டு, பேரீச்ச ஓலை முடைந்த வருவாயில் உண்டார்கள் என்பது அன்னாரைப் பற்றிய அறிவிப்பு. குவித்து வைத்த கிஸ்ராவுக்கும் கொடுத்து வாழ்ந்த ஸல்மானுக்கும் இடையிலுள்ள தூரமே இச்சரித்திரத்தின் பாடம்.

ஓர் அரசாயினும், ஒரு ஜமாஅத்தாயினும், ஒரு குடும்பமாயினும் விதி ஒன்றே. பொறுப்பு என்பது அமானிதம். எளியோரின் பங்கைப் பறிக்காதிருப்போம். நமக்குக் காவலாய் நிற்போரை அவமதிக்காதிருப்போம். யார் அமர்வது என்ற பிணக்கில் கரையை மறவாதிருப்போம். வெள்ளம் வரும் நாளில் கரை கட்ட முடியாது.

எல்லாம் வல்ல அல்லாஹ் நமக்கு ஒற்றுமையையும் நீதியையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.