அன்றே திருத்த வேண்டிய கணக்கு



வங்கியில் தப்பான பதிவை அன்றே திருத்தாவிட்டால் வட்டியோடு வளரும். உடம்பில் அந்தச் சரிபார்ப்பு வேலையைச் செய்வது பி53 மரபணு. அது கெட்டால் புற்றுநோய்க்கு வழி.

வங்காளத்தில் 1938-ல் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, எண்ணெய் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கியவர். அதற்கு 1972-ல் கேட்ட காப்புரிமை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1980-ல்தான் உறுதியானது. பிற்காலத்தில், சூடோமோனாஸ் பாக்டீரியாவின் அசூரின் என்ற புரதம் பி53-க்குத் துணைநின்று புற்றணுக்களை அழிப்பதை அவர் குழு காட்டியது. 2020-ல் மறைந்தார். அந்த மருந்து இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

மார்பில் தென்பட்ட கட்டியை, பேத்தி பிறக்கட்டும் என்று என் மனைவி ஆறு மாதம் தள்ளிப்போட்டாள். நானும் சும்மா இருந்தேன். இன்று அவள் இல்லை. கட்டி தெரிந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.