மடை திறந்தவனுக்கு ஓட்டு இல்லை

(மாணவர் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘இயற்கை வளங்களும் அரசும்’னு தலைப்புக் கொடுத்திருக்காங்க. நான் கவிதை எழுதுறவன். வயித்துப்பாட்டுக்கு வங்கிக் குமாஸ்தா. கண்மாயைப் பற்றியும் அதன் மடையில் நின்ற ஆளைப் பற்றியும் மட்டும் பேசுறேன்.

எங்க தாத்தா நீர்க்கட்டி. மதுரை, சிவகங்கைப் பக்கத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வரத்துக்காலில் அடைப்பு எடுக்கிறது, ராத்திரி மழையில் கரை கசியுதான்னு பார்க்கிறது, மடை திறக்கிறது, தண்ணி குறைஞ்ச வருஷம் தலைமடைக்கும் கடைமடைக்கும் முறை வச்சுப் பாய்ச்சுறது எல்லாம் நீர்க்கட்டி வேலை. பெரும்பாலும் சேரி ஆட்கள்தான் செய்தாங்க. கூலி, களத்தில் அளக்கிற நெல். யார் பக்கமும் சாயாமல் பங்கிடுவான்னு ஊர் நம்பியதற்கு ஒரு காரணம், அந்த ஆயக்கட்டில் அவனுக்கு ஒரு குழி நிலம்கூட இல்லை என்பதுதான். நிலமில்லாததே அவன் தகுதி!

இனி சட்டத்துக்கு வருவோம். 1858ல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்துக்கு ஒரு சட்டம் போட்டான். குடிமராமத்துச் சட்டம்னு சொல்வாங்க. கரை உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து உழைக்கும் ஆண்களை வேலைக்கு இழுக்கலாம், மறுத்தால் தண்டனை. பட்டா இருக்கான்னு அந்தச் சட்டம் கேட்கவில்லை. உடம்பு இருந்தால் போதும்.

2000ல் தமிழ்நாடு அரசு, பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கும் சட்டம் கொண்டுவந்தது. சங்கம், தேர்தல், தலைவர் எல்லாம் உண்டு. உறுப்பினர் யார்? நிலத்துக்குச் சொந்தக்காரர். 142 வருஷத்து முன்னேற்றம் இதுதான். உடைப்பை அடைக்க இழுத்துவரப்பட்டவன், நிர்வாகம்னு வந்ததும் காணாமல் போனான்.

2017ல் குடிமராமத்தை மறுபடி தொடங்கினாங்க. 100 கோடி ரூபாய், 1,519 வேலைகள். அந்தச் சங்கங்களே வேலை எடுத்துச் செய்யலாம்னு ஏற்பாடு. அதே வருஷம் வண்டல் மண் இலவசம்: நஞ்சை ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சை ஏக்கருக்கு 90. விவசாயத்துக்கு அள்ளினால் ஏக்கர் கணக்கு. ஏக்கரே இல்லாதவனுக்கு? அதற்கும் முன்னால், சமூகக் காடுகள் என்று கண்மாய் உள்வாயில் கருவேலம் நட்டபோது ஆடு மேய்த்தவனைத்தான் வெளியே நிறுத்தினாங்க. மரம் வளர்ந்ததும் ஏலம். காசுள்ளவன் எடுத்தான்.

நானும் இதில் ஒரு கைதான். எங்க தெருப் பெரியவர், எனக்குச் சித்தப்பா முறை, அவரும் நீர்க்கட்டி. பயிர்க்கடன் கேட்டு வங்கிக்கு வந்தார். சிட்டா, அடங்கல் கேட்டேன். “ஏப்பா, இந்தக் கண்மாயில எந்த வயலுக்கு எத்தன நாள் தண்ணி வேணும்னு என்னைக் கேளு, சொல்றேன். அது போதாதா?” என்றார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அவரைத் திருப்பி அனுப்பியது நான்தான்.

பழைய முறையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அது சாதி சுமத்திய ஊழியம். நான் கேட்பது அந்த அறிவுக்கு மாதச் சம்பளம், நிலமற்றவருக்குச் சங்கத்தில் ஓட்டு, மீனிலும் மரத்திலும் பங்கு.

நிலப் போராட்டத்தை விட்டுவிடச் சொல்றேன்னு நினைக்காதீங்க. 1892ல் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை மீட்கப் போய், 1994 அக்டோபர் 10ல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தாங்க. காரணை மண்ணை மறக்க முடியுமா? ஆனால் நிலம் கைக்கு வரும்வரை தண்ணிக்கும் காத்திருக்கணுமா? மகத் நகராட்சி 1924லேயே குளத்தை எல்லோருக்கும் திறந்து தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. 1927 மார்ச் 20ல் அம்பேத்கரும் மக்களும் நடந்து போய்த் தண்ணி அள்ளிக் குடித்தாங்க. பட்டா காட்டியா குடித்தாங்க?

ஊருக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்க. உங்க கண்மாய்ச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டு வாங்குங்க. அதில் சேரிப் பெயர் எத்தனைன்னு எண்ணுங்க. அந்த எண்ணை அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று சத்தமாப் படிங்க. மற்றதை அங்கிருந்து பேசுவோம்.

ஜெய்பீம்.