கருவி எவர் கையில், எழுத்து அவர் கையில்!

(தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

'தொழில்நுட்பமும் குமுகாயமும்' என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். தலைப்போ மிகப் பெரிது. நான் அறிந்ததோ எழுத்துத் தொழில் ஒன்றே. ஈய எழுத்துகளைக் கையால் எடுத்தடுக்கிய அச்சுக்கோப்பாளனாகத் தொடங்கி, இன்று கணிப்பொறியின்முன் அமர்ந்திருப்பவன் நான். ஆகலின், எழுத்துக் கருவி மாறுங்கால் அரசியலும் வணிகமும் மக்கள் வாழ்வும் எவ்வாறு மாறுகின்றன என்பதை மட்டும் உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறுநூல் அச்சாயிற்று. அதன் பக்கங்கள் பதினாறே. இத்துணைக்கண்டத்து மொழிகளுள் தன் எழுத்தாலேயே இம்மண்ணில் முதன்முதல் அச்சேறிய மொழி தமிழே என்று நாம் பெருமை கொள்கின்றோம். கொள்ளத் தக்கதே! ஆனால் அந்த அச்சுப்பொறி எவர் கையில் இருந்தது? நம் கையில் இல்லை. சமயம் பரப்ப வந்தவர் கையிலும், பின்னர் ஆள வந்த கும்பினியார் கையிலும் இருந்தது. 1835-இல் மெட்காபு ஆளுநர்த் தலைவர் பொறுப்பிலிருந்தபோது அச்சிடுதற்கு இசைவு பெறும் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதன்பின்னரே நம்மவர் அச்சகங்கள் பெருகின. 1849-இல் ஆறுமுக நாவலர் சென்னையில் அச்சுப்பொறி வாங்கி யாழ்ப்பாணத்திற்குக் கொண்டு சென்றார்.

கருவி கைமாறியதும் விளைந்தது என்ன? 1887-இல் சி.வை. தாமோதரர் கலித்தொகையை அச்சிட்டார். உ.வே. சாமிநாதர் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் வெளியிட்டார். மடங்களிலும் சில வீட்டுப் பரண்களிலும் செல்லுக்கு இரையாகிக் கொண்டிருந்த ஏடுகள் ஊர்தோறும் சென்றன. 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்டபோது, "வடமொழித் துணையின்றித் தமிழ் இயங்குமோ?" என்று எள்ளியவர்க்கு விடையாக அந்நூல்கள் அவர்தம் மேசைமீதே இருந்தன. அவை பரணிலேயே கிடந்திருப்பின் நாம் எதனைச் சான்று காட்டியிருப்போம்? ஒரு மொழியின் அரசியல் எழுச்சிக்கு ஓர் அச்சுப்பொறியும் அடிக்கல்லாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். அது வந்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். எழுத்துப் பெட்டிகளின் சுமை தீர்ந்தது. விரலில் ஈயக்கறை நீங்கியது. ஆனால் அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனிக் குறியீட்டு முறையை வைத்திருந்தது. ஒருவர் மென்பொருளில் எழுதியது மற்றொருவர் மென்பொருளில் திறவாது. எங்கள் சிற்றிதழுக்காகப் பத்தாண்டுகள் தட்டெழுதிய கட்டுரைகளை ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் சேர்த்து வைத்திருந்தேன். அந்நிறுவனம் கடையை மூடியது. புதிய கணிப்பொறியில் அக்கோப்புகளைத் திறந்தபோது, தமிழ் இல்லை. புள்ளியும் கோடும் பொருளற்ற குறிகளுமே இருந்தன. என் மகள் பழைய இதழ்களை மடியில் வைத்துக்கொண்டு, இரவுதோறும் அமர்ந்து, ஓராண்டுக் காலம் மீண்டும் தட்டெழுதினாள். ஏட்டைச் செல் அரித்தது; கோப்பை வணிகம் அரித்தது. இரண்டிற்கும் பெரிய வேறுபாடில்லை!

இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழியாகத் 'தமிழ்99' விசைப்பலகை வகுக்கப்பட்டது. பின்னர் ஒருங்குறி எங்கும் பரவியது. எந்தப் பொறியில் எழுதினும் எந்தப் பொறியிலும் படிக்கலாம் என்னும் நன்மை அதனால் வந்ததை மறுப்பது அறமாகாது. எனினும் அது வகுக்கப்பட்ட முறையைக் காணுங்கள். நடுவணரசு 1988-இல் இந்திய எழுத்துகள் பலவற்றையும் ஒரே வார்ப்பில் அடைத்தது. 1991-இல் வந்த ஒருங்குறி அவ்வார்ப்பையே பின்பற்றியது. அதனால் தமிழ்ப் பகுதியில் ககரத்திற்கும் ஙகரத்திற்கும் இடையில் இன்றும் மூன்று இடங்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன. நமக்கு இல்லாத எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கின்றனர்! நமக்கு உள்ள 'க்' என்னும் மெய்க்கோ தனியிடம் இல்லை. ககரத்தோடு புள்ளியைச் சேர்த்தே அதனைப் பெறல் வேண்டும். மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கண்ட நெறி. உயிர்மெய்யை உடைத்து மெய்யைச் செய்வது இப்பொறியின் நெறி!

இவ்வாறு நேர்ந்தது ஏன்? முடிவு செய்யும் அவையில் வாக்குரிமை பெற்றோருள் மிகப் பெரும்பாலோர் அமெரிக்கப் பெருவணிக நிறுவனங்களே. நாம் அங்குச் சென்று சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது. 2010-இல் தமிழ்நாட்டரசு, எல்லா எழுத்திற்கும் தனித்தனி இடம் தரும் 'தமிழ் அனைத்து எழுத்துக் குறியேற்ற'த்தையும் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. ஆயினும் அது உலகப் பொறிகளில் குடியேறவில்லை.

அதே 2010-இல் மற்றொன்று நிகழ்ந்தது. கிரந்தத்திற்கு ஒருங்குறியில் இடம் கேட்ட முன்மொழிவுகளுள், எ, ஒ, ழ, ற, ன என்னும் நம் ஐந்து எழுத்துகளையும் கிரந்தத்திற்குள் சேர்க்கும் கருத்து இருந்தது. தமிழறிஞரும் கணிப்பொறி வல்லுநரும் விழித்தெழுந்தனர். தமிழ்நாட்டரசு நடுவணரசுக்கு எழுதியது. 2014-இல் கிரந்தம் ஒருங்குறியில் ஏறியது. நம் ஐந்து எழுத்துகளும் அதனுள் ஏறவில்லை. விழிப்பு வென்றது! தொழில்நுட்பம் என்பது பொறியாளர்க்கே உரியது என்று நாம் ஒதுங்கியிருந்தால் வென்றிருக்குமா?

தோழர்களே! நாம் பொறிகளுக்குப் பகைவர் அல்லர். அவற்றைப் பிறர் கையில் விட்டுவிட்டுப் பின்னர்ப் புலம்புவதற்கே பகைவர். இன்று கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை உள்ளது. ஆனாலும் நம் இளைஞர் பலர் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதுகின்றனர். இதனை எந்த வல்லரசும் நம்மீது சுமத்தவில்லை. நாமே சுமந்துகொண்டோம். செயற்கை அறிவு என்னும் புதிய பொறியோ, மாந்தர் எழுதி வைத்தவற்றைப் படித்தே பேசக் கற்கின்றது. கலப்புத் தமிழை நாம் எழுதினால் கலப்புத் தமிழையே அது நம் பேரர்க்குத் திருப்பித் தரும். எழுதாமலே இருந்தால், தமிழ் அறியாததாகவே வளரும்.

எனவே மூன்று கடமைகளை உங்கள்முன் வைக்கின்றேன். தமிழைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள்; தமிழ்99-ஐப் பழகுங்கள். வைப்பகத்துப் பணப்பொறியிலும் கடைச் சிட்டையிலும் தமிழைக் கேட்டுப் பெறுங்கள். கேட்பவன் உள்ளவரையில்தான் வணிகன் தருவான். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊரைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் நல்ல தமிழில் எழுதிச் சேருங்கள்.

அன்று ஏடு தேடிச் சிலர் ஊரூராய் நடந்தனர். இன்று நாம் நடக்க வேண்டியதில்லை; விரலை அசைத்தால் போதும். அதையும் செய்யோமாயின், பழியைப் பொறியின்மேல் போடுதல் தகுமோ?