மௌனமும் ஒரு செய்தியே
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

விடியற்காலையில் கோயில் மணி கேட்டால் நாம் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஒருநாள் கேளாது போனாலோ, "பூசகருக்கு உடம்புக்கு என்ன?" என்று விசாரிக்கப் புறப்படுகிறோம். மணியோசையைப் போலவே அதன் மௌனமும் ஒரு செய்தி. நாம் செய்துள்ள மழை எச்சரிக்கைக் கருவிக்கு இதுவே அடிப்படை.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியதை நாம் மறக்கமாட்டோம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழைக்கு மூன்று படிகள் வகுத்துள்ளது: 75 மில்லிமீற்றரில் விழிப்பு, 100இல் எச்சரிக்கை, 150இல் வெளியேற்றம். ஆனால் நள்ளிரவு மழையை அளப்பவர் யார்? உறங்குவோரை எழுப்புபவர் யார்?

மலைமேல் மழைமானியும், லயன் அருகே சங்கும் வைத்தோம். இரண்டிடத்திலும் ஈ.எஸ்.பி. 32 என்னும் சிறு கணினிச் சில்லு உண்டு. மலை மறைப்பில் வைஃபை எட்டாமையால், லோரா என்னும் தொலைதூர வானொலி முறையால் இணைத்தோம்.

முதற் பிழை, சங்கை இயக்கும் ரிலேயைச் சில்லுடன் நேரே இணைத்தது. சில்லு தருவது 3.3 வோல்ட், ரிலேயின் சுருளோ 5 வோல்ட்டில் சுமார் 70 மில்லி அம்பியர் கேட்கும். சில்லு அதைத் தாங்காது. ஆகவே நடுவில் ஒரு டிரான்சிஸ்டரும், ரிலே விடும்போது சுருளில் எழும் எதிர் அழுத்தத்தைத் தணிக்க ஒரு டயோடும் சேர்த்தோம்.

இரண்டாம் பிழை பெரிது. ஒருநாள் மேலேயிருந்த பற்றரி தீர்ந்தது. சங்கு ஊதவில்லை, மழையில்லை என்று நாமும் நிம்மதியாயிருந்தோம். அந்த மௌனத்தை நலமென்று நம்பினோம்! இப்போது மேலேயுள்ள கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "உள்ளேன்" என்று சொல்லும். மூன்று முறை சொல்லத் தவறினால் இரண்டாவது ரிலே விடும். மன்ற அறையில் சிறுமணி ஒலிக்கும். மின்சாரம் இருக்கும்வரை பிரிந்திருந்து, நின்றால் சேரும் முனைகளில் அம்மணியை இணைத்தோம். அதற்குத் தனிப் பற்றரியும் உண்டு. கீழே மின்சாரம் போனாலும் மணி ஒலிக்கும். பொய்யாகச் சங்கு ஊதி ஊரை அச்சுறுத்தாதிருக்கவே இந்தச் சிறுமணி.

லயன் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு. அழுத்தும்போது உள்ளே தகடு துள்ளுவதால், ஓர் அழுத்தத்தைப் பலவாக எண்ணாதபடி சில்லைச் சற்றுப் பொறுக்கச் செய்தோம். நிலத்தில் வெடிப்பு, திடீரென ஊற்று நீர் கலங்குதல், மரம் சாய்தல் ஆகியவற்றை மழைமானி அறியாது. கொழுந்தெடுக்கும் தாய்மாரின் கண்ணே அறியும். அவர்களுக்காகவே அந்தப் பொத்தான். அதை அழுத்தினால் சங்கு உடனே ஊதும்.

பெரியோர்களே, மலை காட்டும் அடையாளங்களை எமக்குக் கற்றுத் தாருங்கள். தோழர்களே, வெள்ளி தோறும் பூசை முடிந்தபின் மின்சாரத்தை நிறுத்தி, மணி ஒலிக்கிறதா என்று பாருங்கள். பிரட்டுக்குத் தப்படித்து எழுப்பிய மலை இது. உயிர் காக்கவும் ஓர் ஓசை இங்கே விழித்திருக்கட்டும்.